வாடகை அறையில் விஆர் கருவி: கரண்ட், கடை, பெயர்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் 27 வயதுத் திருநங்கை. சென்னை வியாசர்பாடிப் பக்கம், மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர். வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு வேலை வரை பார்க்கிறார். கண்ணை மூடி மாட்டிக்கொண்டு வேறோர் உலகத்துக்குள் இருப்பதுபோல் ஆடும் விஆர் (மெய்நிகர் உலக) விளையாட்டுக் கருவி வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சேமிப்பு 60,000 ரூபாய்; இவரை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா இன்னும் 20,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். பர்மா பஜாரில் 9,000 ரூபாய்க்கு கணினியோடு கேபிளில் இணைத்து ஓட்டும் ஒரு பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டைப் பேசி வைத்திருக்கிறார். கையில் இருக்கும் நான்காம் தலைமுறை ஐ5 கணினியில் பழைய ஜிடிஎக்ஸ் 1080 கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு ஓட்டுவதும், சனி ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளிடம் அரை மணிக்கு இவ்வளவு என்று வாங்கி விளையாட விடுவதும் திட்டம். ஆனால் 5 ஆம்பியர் பிளக் தாங்குமா என்று பயம். கரண்ட் பில் ஏறியதற்கு இவருடைய கணினிதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். கடை முதலாளி "கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்க" என்று சொல்லி, கவுன்ட்டரிலிருந்து எழுப்பிப் பின் அறையில் உட்கார வைத்துவிட்டார். சான்றிதழ்கள் எல்லாம் பழைய பெயரில் இருக்கின்றன. ஆபரேஷன் முடியாமல் பெயர் மாற்ற முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக ஒரு வரி: "ஹெட்செட்டுக்குள்ள இருக்கும்போது என்னை யாரும் ஏற இறங்கப் பாக்குறதில்ல. ஆனா வாயத் திறந்தா எல்லாம் முடிஞ்சுது. மாத்திரை போட ஆரம்பிச்சா குரல் மாறிடும்னு காத்திருக்கேன்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் ஆறு. கையில் இருக்கும் பணம் ஒன்றே. அதிலும் கால் பங்கு உங்கள் அம்மாவின் பணம். ஆகவே எது முதலில், எது பிறகு என்ற வரிசையைத்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப் போகிறேன். ஆசையைத் தள்ளிப்போடச் சொல்லப் போவதில்லை. நம்மை நாமாக இருக்க விடும் ஓர் இடத்தைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்காகக் கையிருப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்த 9,000 ரூபாய் ஹெட்செட்

வேண்டாம். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து அடியோடு நீக்கியும் விட்டது. உங்கள் நான்காம் தலைமுறை ஐ5க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 2025இல் ஒயாசிஸ் என்றொரு இலவச டிரைவர் வந்து, என்விடியா கார்டு இருப்பவர்கள் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர் வழியாக இந்தப் பழைய ஹெட்செட்டுகளை மறுபடி ஓட்ட வழி செய்தது உண்மை. பஜாரில் அதைச் சொல்லித்தான் விலை ஏற்றியிருப்பார்கள். ஆனால் தயாரித்த கம்பெனியே கைகழுவிய பொருளுக்கு உதிரிபாகம் கிடையாது. முக்கியமாக அந்த நீள கேபிள்: அடிக்கடி மடங்கி உள்ளே கம்பி அறுந்தால் படம் விட்டு விட்டு வரும், மாற்றுக் கேபிளுக்கு எங்கே போவீர்கள்? கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் ஹெட்செட்டின் முன்பக்க இரண்டு கேமராக்களின் பார்வையில் இருக்கும்வரைதான் சரியாக வேலை செய்யும். இரண்டாயிரத்துக்குக் கொடுத்தால் பிரித்துப் பார்த்துப் படிப்பதற்கு வாங்கலாம். விளையாடுவதற்கு வாங்காதீர்கள்.

ஜிடிஎக்ஸ் 1080 இன்னும் ஓடக்கூடிய கார்டுதான். ஆனால் அது தனியாக 180 வாட் இழுக்கும். உங்கள் ஐ5 84 வாட் வரை போகும். போர்டு, ஃபேன், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரண்டை மாற்றித் தரும் பெட்டி) இழப்பு எல்லாம் சேர்ந்தால் விஆர் ஓடும்போது சுவரில் ஏறக்குறைய 300 வாட். இங்கே உங்கள் பயத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நம் வீடுகளின் சின்ன பிளக் ஆயிரம் வாட்டுக்கு மேலேயே தாங்கும். 300 வாட் அதற்குச் சுமை இல்லை. தகராறு வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, எஸ்எம்பிஎஸ். மேலே "450 வாட்" என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் உண்மையில் 216 வாட்தான் கிடைக்கும். விளையாட்டு நடுவில் கணினி அணைந்து அணைந்து எழும். நீங்கள் கார்டைச் சந்தேகப்படுவீர்கள். இரண்டு, எர்த். மாடியில் பிற்பாடு கட்டிய அறைகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருப்பது சகஜம். மல்ட்டிமீட்டர் உங்களிடம் இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. இப்படி இல்லாவிட்டால் உலோகப் பெட்டி கணினியை அங்கே மாட்ட வேண்டாம். வியர்த்த முகத்தில் அந்தக் கணினியோடு கேபிளில் இணைந்த ஒரு கருவியைக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இதோடு வெப்பம். ஷீட் கூரை, மே மாதம், பத்துக்குப் பத்து அறை, அதற்குள் 300 வாட்டும் கடைசியில் சூடாகவே வெளியே வரும். கரண்ட் போனால் 600 விஏ யூபிஎஸ் காப்பாற்றும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி. கணக்குக்கு 84 வாட் மணி. 300 வாட்டில் சில நிமிடம் நின்றால் பெரிது. சேமித்துவிட்டு மூடத்தான் அது.

உங்கள் அறைக்கு ஏற்றது எது

கணினி இல்லாமல் தானே ஓடும் ஹெட்செட்தான் உங்களுக்குச் சரி. மெட்டா குவெஸ்ட் 2 கருவியின் பேட்டரி 14 வாட் மணி. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது என்றால், அது இழுப்பது ஆறேழு வாட்தான். சார்ஜர் இழப்பைச் சேர்த்து 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம்: இரண்டு யூனிட்டைத் தொடாது. அதே நேரத்துக்கு உங்கள் ஐ5 கணினித் திட்டம் 54 யூனிட் எடுக்கும்.

குவெஸ்ட் வரிசையிலும் கண்ணி இருக்கிறது. முதல் குவெஸ்ட்டை, அதாவது 2019 மாடலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். 2024இலேயே அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. 2020இல் வந்த குவெஸ்ட் 2 இன்னும் ஓடுகிறது, ஆனால் புதிய விளையாட்டுகள் சில குவெஸ்ட் 3 குடும்பத்துக்கு மட்டுமே வருகின்றன. 2024இல் வந்த குவெஸ்ட் 3எஸ், லென்ஸும் திரையும் குவெஸ்ட் 2 தரத்தில். உள்ளே இருக்கும் சிப் மட்டும் குவெஸ்ட் 3இல் உள்ள அதே எக்ஸ்ஆர்2 இரண்டாம் தலைமுறை. உங்கள் பட்ஜெட்டுக்கு அதுதான் நடுநிலை. இறக்குமதி செய்து விற்பவர்களிடம் முப்பதாயிரத்துக்கு மேல்தான் சொல்வார்கள். உள்ளூர் வாரண்டி கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். வரிசை எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழையது வாங்கினால் கடையிலேயே நின்று இவற்றைப் பாருங்கள்:

லென்ஸை ஒட்டிக் கண்ணை வைத்து, வெள்ளைத் திரையில் மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று தேடுங்கள். ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்த ஹெட்செட்டில், லென்ஸ் வழியே வெயில் குவிந்து திரையைச் சுட்டுவிடும். அது சரியாகாது. நம் ஊர் வெயிலுக்குச் சில நிமிடமே போதும். உங்கள் அறையிலும் துணி மூடித்தான் வைக்க வேண்டும்.

விற்பவரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டு, ஃபேக்டரி ரீசெட் ஆகி, உங்கள் போனில் உங்கள் கணக்கோடு இணையும்வரை கடையை விட்டு நகராதீர்கள்.

இரண்டு கன்ட்ரோலரையும் மேசை மேல் வைத்துவிட்டு மெனு தானாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. உங்களுக்கு அது அரை மணி நேர வேலை, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் உடல் விளிம்பில் இடைவெளி விடும். விட்டிருந்தால் பேச்சே வேண்டாம். நீங்கள் வாங்கிய பிறகும் மதியம் ஷீட்டுக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். இரவில் அறை ஆறிய பிறகு போடுங்கள்.

வாங்கியபின் வரும் சின்னச் சின்னத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையில் சீலிங் ஃபேன் தாழ்வாக இருக்கும். கையை உயர்த்தும் விளையாட்டில் கன்ட்ரோலர் இறக்கையில் அடிக்கும், விரல் போகும். விளையாடும்போது அதை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனை முன்னால் வையுங்கள். காற்று எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியும், தலைசுற்றலும் குறையும். நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். கட்டிலும் பீரோவும் போக அது இருக்காது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளில் தொடங்குங்கள், முதல் வாரம் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் முகத்தில் படும் ஃபோம் சீக்கிரம் நாறும். கழுவக்கூடிய சிலிக்கோன் உறை போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை போடுவீர்கள் என்றால் பட்டையை அதன் மேலே ஒன்று, கீழே ஒன்றாகப் பிரித்து விடுங்கள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டு மாட்டுங்கள். குவெஸ்ட் 2 என்றால் உள்ளே லென்ஸ்களுக்கு நடுவில் ஒரு சென்சார் இருக்கிறது. பொட்டு விழுந்து அதை மூடிவிட்டால், கழற்றி வைத்த பிறகும் முகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கருவி அணையாது, பேட்டரி காலியாகும். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். கடையில் போர்டு கழுவும் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) அதன் மேல் பட்டால் பூச்சு போய்விடும்.

நேரம் போதவில்லை என்றால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைத் தலைக்குப் பின்பக்கம் பட்டையில் கட்டலாம். பெயருக்கு 37 வாட் மணி, இழப்பு போக 24 கிடைக்கும். இன்னும் மூன்று மணி நேரம். அரைக் கிலோ முன்னால் தொங்கும் கருவிக்கு அது எதிர் எடையாகவும் இருந்து கழுத்தைக் காக்கும். வைஃபை ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் டிசி யூபிஎஸ் வாங்கிவிட்டால், கரண்ட் போனாலும் பாதி விளையாட்டில் இணைப்பு அறுந்து போகாது.

கணினி விஆர் பக்கம் போயே தீர வேண்டும் என்றால் இரண்டாம் கட்டமாக வையுங்கள். ஐடி கம்பெனிகள் கழித்த எட்டாம் தலைமுறை ஐ5 கணினி ரிச்சி தெருவில் தாராளம். அதில் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி மாடலைப் போடுங்கள்: 70 வாட், தனிப் பவர் கேபிள் வேண்டாம், மொத்தம் சுவரில் 150, 160 வாட்டுக்குள் அடங்கும். அதே பெயரில் வரும் 8 ஜிபி மாடல் 130 வாட், தனிக் கேபிள் கேட்கும். பெட்டியைப் படித்து வாங்குங்கள். மிகச் சிறிய எஸ்எஃப்எஃப் பெட்டிகள் சிலவற்றில் ஸ்லாட்டுக்கு முழு 75 வாட் வராது, மினி டவர் பாதுகாப்பு. மின்சாரம் மிச்சம் என்று ஆர்எக்ஸ் 6400 கார்டை யாராவது பரிந்துரைப்பார்கள். 53 வாட்தான், ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்கோடரே கிடையாது. குவெஸ்ட்டுக்குப் படம் போவது அந்த என்கோடர் வழியாகத்தான். விஆருக்கு அது உதவாது.

கணினியிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள், ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரவுட்டர் அதே அறையில். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் படம் திக்கும். திரையில் நொடிக்கு 90 படம் என்பதற்குப் பதில் 72 (72 ஹெர்ட்ஸ்) என்று வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி செகண்டிலிருந்து 13.9 ஆகும். சின்ன கார்டுக்கு அந்த அவகாசம் பெரிது.

வீட்டுக்காரரும் கரண்ட் பில்லும்

அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கலாம். மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே சர்வீஸ் என்றால், இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். கொஞ்சம் கூடியதற்குப் பில் நிறையக் கூடும். அதற்கு உங்கள் கணினி மட்டும் காரணம் என்று யாரும் ஊகத்தில் சொல்லக் கூடாது. உங்கள் அறைக்கு சப் மீட்டர் வைக்கக் கேளுங்கள், செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். மாதம் ஒன்றாம் தேதி ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி தவறு. திருநங்கை என்பதற்காக வாடகைக்கு விட மறுப்பதையும் காலி செய்யச் சொல்வதையும் 2019ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. இருந்தாலும் மீட்டர் பேச்சில் முடியும் விஷயத்தைச் சட்டப் பேச்சாக்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் காசு வாங்கி விளையாட விடுவது

இதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். வீட்டு இணைப்பில் காசுக்குத் தொழில் நடத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடலாம். அது உங்கள் வீட்டுக்காரர் தலையில் விழும், அடுத்த நாள் நீங்கள் தெருவில். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய விளையாட்டுகளைக் காசுக்கு ஆட விட உரிமமும் இல்லை. மெட்டாவே 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கருவி வேண்டாம் என்கிறது, 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும் என்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொன்று. பூட்டிய மாடி அறையில் கண்ணை மறைத்த கருவியோடு அடுத்தவர் பிள்ளை. ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால், உங்கள் மீது ஏற்கனவே இருக்கும் பார்வைக்கு அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஆபத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் தொழில் இதைவிடப் பெரியது. ஸ்டிக் மாற்றுவது, டைப் சி போர்ட் மாற்றுவது, உப்பிய பேட்டரி மாற்றுவது: கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லாத இந்தக் கருவிகளுக்கு ஊரில் ஆள் குறைவு. கேம் கன்ட்ரோலர், ஹெட்செட் ரிப்பேர் என்று ஒரு சின்ன ஷட்டர் கடையிலோ, நண்பர் கடையின் ஒரு மூலையிலோ தொடங்கலாம். அதற்குத்தான் காகிதங்கள் வேண்டும்.

பெயரும் காகிதமும்

பெயரை மாற்றுவது வேறு, பாலினப் பதிவை மாற்றுவது வேறு. உங்களுக்குத் தகவல் சொன்னவர் இரண்டையும் கலந்துவிட்டார். வயது வந்த யாரும் தமிழ்நாடு அரசிதழில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஆபரேஷனுக்கும் தொடர்பே இல்லை. அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பம், பிறப்புச் சான்று, சான்றொப்பம் இட்ட படம், கட்டணம். பாலின அடையாளத்தைப் பொறுத்தவரை, அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றும் அட்டையும்தான் மற்ற ஆவணங்களை மாற்ற அடிப்படை. விதிகளும் படிவங்களும் மாறக்கூடியவை. ஆகவே பழைய ஜெராக்ஸ் படிவத்தை யாரிடமும் வாங்கி நிரப்பாமல், ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அன்றைய நடைமுறையைக் கேட்டு விண்ணப்பியுங்கள். உங்களுக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவையும், பாலினத்தை ஒரு தடவையும்தான் வழக்கமான முறையில் திருத்த விடுகிறார்கள். ஆகவே அவசரம் வேண்டாம். புதிய பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு, இனிஷியல் முன்னாலா பின்னாலா, அதை விரித்து எழுதுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அரசிதழில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் வங்கியில் கேஒய்சி நிற்கும். ஒரு எழுத்துக்காக ஆறு மாதம் அலைபவர்கள் உண்டு. அரசிதழ், ஆட்சியர் சான்று, ஆதார், பான், வங்கி என்ற வரிசையில் போங்கள். டிப்ளமோ சான்றிதழை மாற்றத் தாமதமானால் அரசிதழ் நகலை அதோடு இணைத்துக் காட்டலாம்.

பான், ஆதார் இரண்டும் புதுப் பெயருக்கு வந்தபின் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் எல்லாம் போலி அல்லது புரோக்கர். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2008இல் தொடங்கிய நம் திருநங்கையர் நல வாரியம் சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சிங்காரவேலர் மாளிகைக்குப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடுங்கள். அம்மாவின் 20,000 ரூபாயைத் தொடாமல் கடைக்கு வேண்டிய மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் இதிலேயே வந்துவிடும்.

கடையில் பின் அறை

மற்ற டெக்னீஷியன்கள் கவுன்ட்டரில் இருக்க, உங்களை மட்டும் பின்னால் அனுப்பியது பாகுபாடுதான். "கஸ்டமர் சொல்றாங்க" என்பது சட்டத்தின் முன் காரணம் ஆகாது. 2019 சட்டத்தின் 9ஆம் பிரிவு வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் திருநர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. புகாரைக் கேட்க ஓர் அலுவலரை நிறுவனம் நியமிக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. பள்ளி வேலை மறுக்கப்பட்ட ஒரு திருநங்கை ஆசிரியருக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

உரிமை இருக்கிறது, எப்போது கையில் எடுப்பது என்பது உங்கள் முடிவு. இந்தச் சம்பளம்தான் வாடகை கட்டுகிறது என்பதால், முதலில் தடயத்தைச் சேர்க்கச் சொல்கிறேன். சம்பளம் கையில் ரொக்கமாக வந்தால் யூபிஐயில் போடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு முதலாளிக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப்: "அண்ணே, இத்தனாம் தேதியிலிருந்து என்னை கவுன்ட்டரில் உட்கார வேண்டாம்னு சொன்னீங்க. என் வேலையில குறை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். இல்லன்னா பழைய இடத்துலயே உட்கார விடுங்க." அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பதிவு. சரிவரவில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் பேசுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வழக்குப் போடுவதைவிட, வேலையில் இருந்துகொண்டே எழுத்தில் கேட்பது உங்களுக்குப் பலம்.

குரல்

இதைத் தள்ளிப் போடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் காத்திருப்பது வராது. பருவ வயதில் தடித்த குரல் நாண்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரையால் மெலிவதில்லை. குரல் மாறுவது பயிற்சியால்தான்: சுருதி மட்டும் அல்ல, தொண்டை அதிர்வை நெஞ்சிலிருந்து முகத்துக்குக் கொண்டுவருவது, சொல்லை ஏற்றி இறக்கும் விதம். அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவு வழியாகப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாத்திரை தொடங்குவதென்றாலும் அங்கே ரத்தப் பரிசோதனையோடுதான். மருந்துக் கடையில் தோழிகள் சொன்ன பெயரைக் கேட்டு வாங்க வேண்டாம், ரத்தம் உறையும் ஆபத்து சின்னதல்ல.

அதுவரை விஆர் உலகத்தில் வாய் திறந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. பலர் கூடிப் பழகும் விஆர் தளமான விஆர்சாட்டில் பேசாமல் சைகையிலேயே பழகுபவர்கள் ஒரு பெரிய கூட்டம், யாரும் அதை விநோதமாகப் பார்ப்பதில்லை. குரல் மாற்றி மென்பொருள் கணினி வழி விஆரில்தான் வசதி, அதிலும் பேச்சு தாமதமாகப் போகும். அதற்காகக் கணினி வாங்காதீர்கள். கேலி செய்பவரை உடனே மியூட், பிளாக். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய பெயர் கசியும் ஓட்டைகளை அடைத்துவிட்டு உள்ளே போங்கள். 2022 ஆகஸ்டிலிருந்து குவெஸ்ட்டுக்கு ஃபேஸ்புக் கணக்கு தேவையில்லை. புதிய மின்னஞ்சலில் தனி மெட்டா கணக்கு தொடங்கி, ஃபேஸ்புக்கோடு இணைக்காமல் விடுங்கள். ஸ்டீமில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் முன்பு வைத்திருந்த பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில் அவற்றை அழிக்கும் வசதியும் இருக்கிறது. முதல் நண்பரைச் சேர்ப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.